விமான அருங்காட்சியகங்களும் வான் சாகச நிகழ்ச்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானங்களைப் பார்ப்பதற்காகவே ஊர் ஊராகப் போகிறவன் என்பதால், உறவினர்களும் உடன் பணிபுரிகிறவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என்னிடம் சந்தேகம் கேட்பது வழக்கம். கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. பெங்களூரு, கோவா, விசாகப்பட்டினம், தில்லி ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களையும், எலஹங்கா, மெரினா வான் சாகச நிகழ்ச்சிகளையும் மனத்தில் வைத்து விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எனக்கு விமானங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. முதலில் அருங்காட்சியகத்துக்குப் போகட்டுமா, ஏர் ஷோவுக்குப் போகட்டுமா?

அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வான் சாகச நிகழ்ச்சியில் ஒரு போர் விமானம் கண்முன் இருப்பது சில நொடிகள்தான். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாதவருக்கு அது ஒரு பெரிய சத்தமாகவும் சிறிய கரும்புள்ளியாகவும் முடிந்துவிடும். தரையில் அசையாமல் நிற்கும் விமானமோ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உங்களுக்காகக் காத்திருக்கும்.

முதல் முறை போகும்போது எல்லா விமானங்களையும் பார்த்து முடிக்க முயல வேண்டாம். மூன்று நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் மூக்கிலிருந்து வால் வரை சுற்றி வந்து, காற்று எந்த வழியாக உள்ளே போகிறது, புகை எந்த வழியாக வெளியே வருகிறது, சக்கரங்கள் எந்தப் பக்கம் மடிந்து எந்த அறைக்குள் போகின்றன, இறக்கையின் பின்விளிம்பில் எந்தெந்தப் பகுதிகள் அசையக்கூடியவை என்று பாருங்கள். இதைப் பொறுமையாகச் செய்தவர் பின்னர் வானத்தில் ஒரு விமானம் திரும்புவதைப் பார்க்கும்போது, அது எப்படித் திரும்புகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்பார்.

தமிழ்நாட்டிலிருந்து போய்வர எந்த அருங்காட்சியகம் வசதி?

பெங்களூருவின் பழைய விமான நிலையச் சாலையில், விமானம் கட்டும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் (எச்.ஏ.எல்.) வைத்திருக்கும் பாரம்பரிய மையம்தான் எளிது. 2001இல் தொடங்கப்பட்ட இந்த மையத்தைச் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ இரவு ரயிலில் போய், நிதானமாகப் பார்த்துவிட்டு மறு இரவே திரும்பலாம். விசாகப்பட்டினமும் கோவாவும் கடற்படை விமானங்களுக்கானவை. அங்கே சுற்றுலா செல்லும் குடும்பங்கள் கூடுதலாக அரை நாள் ஒதுக்கினால் போதும்.

தில்லியின் பாலம் பகுதியில் 1967 முதல் இயங்கிவரும் விமானப்படை அருங்காட்சியகம் இவை எல்லாவற்றையும் விடச் செறிவானது. வாப்பிட்டி, ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர், லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம், இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜப்பானியர் தற்கொலைத் தாக்குதலுக்காகவே செய்த ஓக்கா ஆகியவற்றை ஒரே வளாகத்தில் பார்க்கலாம். ஆனால் அதை முதல் அருங்காட்சியகமாக வைத்துக்கொள்ள நான் சொல்வதில்லை, ஏனென்றால் வரலாற்றைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போகிறவருக்கே அந்த இடம் முழுமையாகத் திறக்கும். எங்கே போவதானாலும் வார விடுமுறை எந்த நாள் என்பதைக் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எச்.ஏ.எல். மையத்தில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று எது?

எச்.எஃப்-24 மாருத். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த கர்ட் டாங்க் 1950களில் பெங்களூருக்கு வந்து, இந்தியப் பொறியாளர்களுடன் சேர்ந்து உருவாக்கிய போர் விமானம் இது. 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் தரைத் தாக்குதலுக்குப் போய் வந்தது.

விமானி அறைக்குப் பின்னால், உடலின் இரு பக்கமும் காற்று நுழையும் வாய்களில் பாதிக் கூம்பு ஒன்று துருத்திக்கொண்டு நிற்பதைக் கவனியுங்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறக்கும்போது, உள்ளே வரும் காற்றின் வேகத்தை எஞ்சினுக்கு ஏற்ற அளவுக்குத் தணிப்பதே அந்தக் கூம்பின் வேலை. அதாவது ஒலியை மிஞ்சும் விமானமாகவே இதை வரைந்தார்கள். ஆனால் அதற்குப் போதிய எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. நாட் என்னும் சிறிய போர் விமானத்தில் ஒன்றாக இருந்த ஆர்ஃபியஸ் எஞ்சினையே இதில் இரண்டாகப் பொருத்தினார்கள். அந்த உந்துவிசை இந்த உடலுக்குப் போதவில்லை. அதே மையத்தில் நாட் விமானத்தின் வழிவந்த அஜீத்தும் இருக்கிறது. சுமார் 9 மீட்டர் நீளமே உள்ள அந்தக் குட்டி விமானத்தைப் பார்த்துவிட்டு வந்து மாருத்தின் முன் மறுபடியும் நின்றால் சிக்கல் என்னவென்று விளக்கப் பலகை இல்லாமலே புரியும். இந்திய விமானத் தொழிலின் திறமை, தட்டுப்பாடு இரண்டையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் காட்சிப்பொருள் வேறில்லை என்பது என் கருத்து.

கோவாவில் இருப்பதும் அதே மாதிரி பழைய விமானங்கள்தானே? தனியாக எதற்குப் போக வேண்டும்?

தபோலிம் விமான நிலையத்துக்கு அருகில், போக்மாலோ சாலையில் 1998இல் திறக்கப்பட்ட கடற்படை விமான அருங்காட்சியகத்தில் இருப்பவற்றில் பல, கப்பலின் மேல்தளத்திலிருந்து பறந்தவை. அந்த ஒரு தேவை விமானத்தின் உடலையே மாற்றிவிடுகிறது. விமானந்தாங்கிக் கப்பலில் இடம் குறைவு என்பதால் இறக்கைகள் மடிகின்றன. குறுகிய தளத்தில் இறங்கி நிற்க வேண்டும் என்பதால், தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிவடத்தைப் பிடிக்கும் கொக்கி வாலுக்கு அடியில் இருக்கிறது. 1961இல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்த ஸீ ஹாக், அலிஸே இரண்டிலும் இவற்றைத் தேடிப் பாருங்கள். 1971இல் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கியவை இந்த வகை விமானங்களே.

ஸீ ஹாரியருக்கு அருகில் கூடுதல் நேரம் நில்லுங்கள். அதன் உடலின் இரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு குழல்வாய்கள் இருக்கும். அவற்றைக் கீழ்நோக்கித் திருப்பித்தான் அந்த விமானம் செங்குத்தாக இறங்கியது. முன்வாய்களில் வருவது எஞ்சின் விசிறி தள்ளும் காற்று. பின்வாய்களில் வருவது எரிந்த வெப்ப வாயு. ஆகவே பின்வாய்களுக்குப் பின்னால் மட்டும் உடலின் மேல் வெப்பத்தைத் தாங்கும் உலோகத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தால் மட்டுமே கண்ணில் படும் செய்தி இது. வெளியே நிற்கும் சூப்பர் கான்ஸ்டலேஷன், ஏர் இந்தியாவின் பயணிகள் விமானமாகத் தொடங்கி, விமானப்படைக்குப் போய், 1976இல் கடற்படைக்கு வந்து கடல் கண்காணிப்புக்குப் பயன்பட்டது. அதன் வால் மூன்றாகப் பிரிந்திருப்பது அழகுக்காக அன்று. உயரமான ஒற்றை வால் வைத்தால் அக்காலத்துக் கொட்டகைகளுக்குள் நுழையாது என்பதற்காக.

விசாகப்பட்டினம் கடற்கரையில் இருக்கும் பெரிய விமானம் அரக்கோணத்தில் இருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். டியூ-142 என்னும் ரஷ்ய விமானம் 1988இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பணியில் 29 ஆண்டுகள் இருந்தது. அரக்கோணத்தின் ராஜாளி கடற்படைத் தளத்தில் 2017 மார்ச் 29 அன்று இந்த விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று பறந்தே விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. பின்னர் அதைப் பிரித்துக் கடற்கரைக்குக் கொண்டுவந்து மீண்டும் பூட்டி, அந்த ஆண்டு டிசம்பரில் அருங்காட்சியகமாக்கினார்கள். அரக்கோணம் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் உறுமல் நன்றாக நினைவிருக்கும். இப்போது அங்கிருந்து பி-8ஐ விமானங்கள் அதே வேலையைச் செய்கின்றன.

இதன் சிறப்பு, உள்ளே நுழைந்து நடந்து பார்க்கலாம் என்பது. வெளியே வந்த பிறகு எஞ்சின்களைப் பாருங்கள். ஒவ்வொரு எஞ்சினிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுழலும்படி அமைந்திருக்கும். கிட்டத்தட்ட 15,000 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினின் விசையை ஒற்றை விசிறியால் காற்றுக்கு மாற்றுவது கடினம் என்பதால் வந்த ஏற்பாடு இது. அந்தச் சத்தத்துக்கும் இதுவே முக்கியக் காரணம். சாலைக்கு எதிர்ப்புறம் கடற்கரையில் இருக்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். தேடுவதும் தேடப்படுவதும் எதிரெதிரே நிற்கும் இடம் அது.

மிக்-21ஐ இனிமேல் எங்கே பார்க்கலாம்?

1963 முதல் விமானப்படையில் இருந்த மிக்-21 போர் விமானம், 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. தில்லியின் பாலம் அருங்காட்சியகம், எச்.ஏ.எல். மையம், சண்டிகரின் விமானப்படைப் பாரம்பரிய மையம் ஆகிய இடங்களில் பார்க்கலாம். மாருத்தின் பாதிக் கூம்பைப் பற்றி மேலே சொன்னேன். இதில் முழுக் கூம்பே மூக்கின் நடுவில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏரோ இந்தியாவுக்குப் பொதுமக்களை விடுவார்களா? எப்போது நடக்கும்?

விடுவார்கள். 1996இல் தொடங்கிய இந்தக் கண்காட்சி, பெங்களூருவுக்கு வடக்கே எலஹங்கா விமானப்படைத் தளத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் நடந்து வருகிறது. முதல் சில நாட்கள் வணிகர்களுக்கு. கடைசி இரண்டு நாட்கள் பொதுமக்களுக்கு. 2025இல் பிப்ரவரி 10 முதல் 14 வரை நடந்தபோது ரஷ்யாவின் சு-57, அமெரிக்காவின் எஃப்-35 ஆகிய போர் விமானங்கள் இரண்டும் ஒரே தளத்துக்கு வந்திருந்தன. அனுமதிச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்க வேண்டும். விமானங்களை அருகில் சென்று பார்க்கும் சீட்டும், பறப்பதை மட்டும் பார்க்கும் பகுதிக்கான சீட்டும் வேறு வேறு, வாங்கும்போது கவனியுங்கள்.

பயணிகள் விமானங்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, இரட்டைப்படை ஆண்டுகளில் ஹைதராபாத் பேகம்பேட்டில் நடக்கும் விங்ஸ் இந்தியா பொருத்தமானது. விமானப்படையின் ஆண்டு நிகழ்ச்சியோ அக்டோபர் 8ஆம் நாளை ஒட்டி நடைபெறுவது. 2022 முதல் அது தில்லிக்கு வெளியேயும் நடக்கத் தொடங்கி, சண்டிகர், பிரயாக்ராஜ் ஆகியவற்றுக்குப் பின் 2024இல் சென்னைக்கு வந்தது.

மெரினாவில் நடந்ததைப் பார்த்த பிறகு குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகப் பயமாக இருக்கிறது. போகலாமா?

பயப்படுவது நியாயமே. 2024 அக்டோபர் 6 அன்று, முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை நடந்த அந்த நிகழ்ச்சிக்குப் பல லட்சம் பேர் வந்தார்கள். வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். பலர் மயங்கி விழுந்து சிகிச்சை பெற்றார்கள். விமானங்களைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள் வீடு திரும்பாமல் போனதை, இந்தப் பொழுதுபோக்கை நேசிக்கிற எவராலும் எளிதாகக் கடந்துவிட முடியாது. நிழலே இல்லாத மணற்பரப்பில் நண்பகலில் அவ்வளவு பெரிய கூட்டம் கூடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். காலை 8 மணிக்கு முன்போ மாலையிலோ நடத்தலாம்.

போவதென்றால், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல், எளிய உணவு ஆகியவற்றைக் கையிலேயே கொண்டுபோங்கள். அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். கைபேசிச் சேவை திணறும் என்பதால் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவுடன் எல்லோரும் ஒரே நேரத்தில் ரயில் நிலையத்தை நோக்கிப் போவார்கள். முடிவதற்கு அரை மணி நேரம் முன்பே கிளம்புங்கள், அல்லது முடிந்த பிறகு ஒரு மணி நேரம் நிழலில் அமர்ந்திருங்கள். சிறு குழந்தைகளுக்குக் காதை மூடும் ஹெட்போன் போன்ற உறை அவசியம். ஆஃப்டர்பர்னர் (எஞ்சினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் அமைப்பு) போட்டு ஏறும் விமானத்தின் சத்தத்துக்குப் பஞ்சு போதாது. கைக்குழந்தைகளையும் இதய நோய் உள்ள முதியவர்களையும் அழைத்துப்போவதைத் தவிர்ப்பதே நல்லது. அவர்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது.

சத்தம் வருகிற பக்கம் திரும்பிப் பார்த்தால் அங்கே விமானமே இல்லை. எப்படிப் பார்ப்பது?

ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் போகிறது என்றால், அதன் சத்தம் உங்களை அடைய மூன்று நொடி ஆகும். அதற்குள் விமானம் முக்கால் கிலோமீட்டர் முன்னால் போயிருக்கும். ஆகவே சத்தம் வரும் இடத்தைப் பிடித்து, அது நகரும் திசையில் வெகுதூரம் முன்னே பார்வையைக் கொண்டுபோங்கள். வர்ணனையாளர் திசையைச் சொன்னால் சத்தத்துக்குக் காத்திருக்காமல் உடனே அங்கே பாருங்கள்.

திரும்பும்போது இறக்கையைச் சுற்றி வெள்ளையாகப் புகை மாதிரி வருகிறதே, ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. கூட்டத்துக்கு அருகில் ஒலியின் வேகத்தைத் தாண்ட அனுமதிப்பதில்லை. தாண்டினால் எழும் அதிர்வலை கண்ணாடிகளை உடைத்துவிடும். நீங்கள் பார்ப்பது மேகம். விமானம் வேகமாக வளைந்து திரும்பும்போது இறக்கையின் மேற்பரப்பில் காற்றழுத்தம் சட்டென்று குறைகிறது. அதனால் காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் துளிகளாகிறது. சென்னை போன்ற ஈரக்காற்று வீசும் கடற்கரை நகரில் இது வறண்ட பிப்ரவரி பெங்களூருவை விட அதிகமாகத் தெரியும்.

விமானப்படையின் சாகச அணியான சூரிய கிரணின் புகை வேறு. அது எஞ்சின் வெளியேற்றும் சூடான வாயுவில் எண்ணெயைச் செலுத்தி வேண்டுமென்றே உண்டாக்குவது. வண்ணத்துக்குச் சாயம் சேர்க்கிறார்கள். எரிந்துகொண்டே விழும் ஒளிப்பந்துகள் மூன்றாவது வகை: வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையை ஏமாற்றுவதற்கானவை.

சூரிய கிரணா, சாரங்கா, எது நன்றாக இருக்கும்?

இரண்டும் வேறு வேறு கலைகள். 1996இல் தொடங்கிய சூரிய கிரண், பீதரைத் தளமாகக் கொண்டு, ஒன்பது ஹாக் ஜெட் விமானங்களை ஒருங்கே பறக்கவிடுகிறது. 2003இல் தொடங்கிய சாரங், நம் கோவைக்கு அருகிலுள்ள சூலூரைத் தளமாகக் கொண்டு துருவ் ஹெலிகாப்டர்களில் பறக்கிறது. ஜெட் அணியின் அழகு வடிவத்தில் இருக்கிறது; ஆகவே தள்ளி நின்று முழு வானத்தையும் பாருங்கள். ஹெலிகாப்டர் அணியின் அழகு நெருக்கத்தில் இருக்கிறது. எதிரெதிரே வந்து கடக்கும் இரண்டின் சுழல் இறக்கைகளையும் கவனியுங்கள். எனக்குச் சாரங் ஒரு படி மேலே. சுழலும் இறக்கைகளின் காற்றுக் கலக்கத்தில் அவ்வளவு அருகருகே பறப்பது மிக நுட்பமான வேலை.

படம் எடுத்தால் எல்லாம் புள்ளியாகவே வருகிறது. என்ன கேமரா வேண்டும்?

கைபேசியில் ஒற்றை விமானத்தை எடுக்க முயலாதீர்கள். அணிவகுப்பையும் புகைக்கோடுகளையும் எடுங்கள், நன்றாக வரும். கேமரா இருந்தால் 400 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் போதுமானது. ஜெட் விமானத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும். ஹெலிகாப்டருக்கும் விசிறி விமானத்துக்கும் அந்த வேகத்தை வைத்தால் விசிறி உறைந்துபோய், விமானம் வானத்தில் தொங்குவது போல் இருக்கும்; அவற்றுக்கு 1/125 முதல் 1/250 வரை வைத்து, விமானத்தோடு சேர்ந்தே கேமராவை நகர்த்துங்கள். முதலில் பல படங்கள் வீணாகும். பேருந்துகளை வைத்துத் தெருவிலேயே பழகிக்கொள்ளலாம்.

அருங்காட்சியகத்தில் இருப்பது நிஜ விமானமா, செய்து வைத்த மாதிரியா? ஏன் உள்ளே உட்கார விடுவதில்லை?

சக்கரங்கள் மடிந்து போகும் அறைக்குள் எட்டிப் பாருங்கள். நிஜ விமானத்தில் குழாய்களும் கம்பிகளும் அவற்றின் மேல் எழுதிய எண்களும் அப்படியே இருக்கும். மாதிரியில் அந்த அறையே இருக்காது. உடலில் வரிசை வரிசையாக ரிவிட்டுகளும், தகடுகளின் ஓரத்தில் திருகுகளும், 'இங்கே மிதிக்காதே' என்பது போன்ற சிறு எழுத்துகளும் தெரிந்தால் ஐயமே வேண்டாம். வெளியே நிற்பவற்றில் எஞ்சினைக் கழற்றி எடுத்திருப்பது வழக்கம். அதனால் விமானம் போலியாகிவிடாது.

உட்கார விடாததற்குத் தக்க காரணங்கள் உண்டு. பழைய விமானங்களின் கருவி முகப்புகள் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டவை. போர் விமானத்தின் இருக்கை, ஆபத்தில் விமானியோடு சேர்த்து வெடிமருந்தால் வெளியே வீசப்படுவது. காட்சிக்கு வைக்கும் முன் அந்த மருந்தை அகற்றிவிடுவார்கள் என்றாலும், கருவிகளை இழுத்துப் பார்க்கும் கைகளை அந்த அறைகள் பல ஆண்டுகள் தாங்காது.

இப்படி வெயிலிலும் மழையிலும் நிறுத்திவைப்பதற்குப் பதில், சரிசெய்து பறக்கவிட்டால் என்ன?

ஆசை எனக்கும் உண்டு. இங்கிலாந்தில் மீட்டெடுத்துப் பறக்கவிட்ட டக்கோட்டா என்னும் பழைய போக்குவரத்து விமானம் ஒன்று, 2018இல் நம் விமானப்படைக்குப் பரிசாக வந்தது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய டக்கோட்டாவின் நினைவாக விபி905 என்ற எண்ணைத் தாங்கி நிற்கும் அதை, 2024இல் மெரினாவிலும் பார்த்தோம். ஆனால் பறக்கும் விமானத்தில் தேய்ந்த பாகங்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் அசல் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். விபத்து நேர்ந்தால் ஆளும் போய்விடுவார், விமானமும் போய்விடும். ஸ்பிட்ஃபயர் போல உலகில் பல எஞ்சியிருக்கும் வகை பறக்கட்டும். 1933 ஏப்ரல் 1 அன்று நம் முதல் படையணி தொடங்கியபோது இருந்த வாப்பிட்டி போன்ற அரிய வகை தரையிலேயே இருக்கட்டும்.

பறக்கவிடுவதைவிட அவசரமானது கூரை. உப்புக்காற்று படும் கடற்கரை ஊர்களில் அலுமினியம் அரித்துப்போகிறது, பொருத்துகளில் துரு ஏறுகிறது. எந்த அருங்காட்சியகத்தின் பார்வையாளர் குறிப்பேட்டிலும் நான் முதலில் எழுதுவது இந்த வேண்டுகோளைத்தான்.

சாகசம் காட்டி உயிரை விடுகிறார்கள். இது தேவையா?

2019 பிப்ரவரி 19 அன்று, ஏரோ இந்தியா தொடங்குவதற்கு முந்தைய நாள், எலஹங்காவில் இரண்டு சூரிய கிரண் விமானங்கள் மோதி ஒரு விமானி இறந்தார். 2025 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் நம் தேஜஸ் போர் விமானம் விழுந்து அதன் விமானி இறந்தார். கேள்வி கடுமையானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பார்வையாளர்களுக்கான ஆபத்து பெரிதும் குறைக்கப்பட்டிருக்கிறது. 1988இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் மோதிய விமானங்களுள் ஒன்று கூட்டத்தின்மேல் விழுந்து, மொத்தம் 70 பேர் இறந்த பிறகு, கூட்டத்தை நோக்கிச் சாகசம் செய்வதை ஐரோப்பிய நாடுகள் கடுமையாகக் கட்டுப்படுத்தின. கூட்டத்துக்கு இணையாக, குறித்த தொலைவில் பறப்பதே இன்று பொதுவான முறை.

விமானிக்கான ஆபத்து அப்படிக் குறைவதில்லை, ஏனென்றால் தாழ்வான உயரத்தில் தவறைத் திருத்த நேரம் இல்லை. என் நிலை இதுதான்: அணியாகப் பறப்பதும் விமானத்தின் திறனைக் காட்டுவதும் நியாயமானவை, ஆனால் செங்குத்தான வளையங்களை இன்னும் அதிக உயரத்தில் செய்தாலும் பார்க்கிறவர்களுக்கு எதுவும் குறையாது. நமக்குப் புரியாத நூறு மீட்டர் வேறுபாட்டுக்காக அவர்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

தாம்பரம், சூலூர் மாதிரி இடங்களில் மதிலுக்கு வெளியே நின்று பார்க்கலாமா, படம் எடுக்கலாமா?

சாலையில் போகும்போது தலைக்கு மேலே பறப்பதைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் விமானப்படைத் தளங்களின் மதிலருகே கேமராவுடன் நிற்காதீர்கள். படமெடுக்கத் தடை என்ற பலகை அங்கே எழுதி வைத்திருப்பது பொருளோடுதான். கோவா போல, படைத்தளமும் பயணிகள் நிலையமும் ஒரே ஓடுதளத்தைப் பயன்படுத்தும் இடங்களில் விமானத்தின் சன்னல் வழியாகப் படமெடுப்பதற்கும் தடை இருக்கிறது. ட்ரோனை எந்த விமான நிலையத்தின் அருகிலும் எடுத்துப் போகவே வேண்டாம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் இடம் பரங்கிமலை. மேலிருந்து மீனம்பாக்கத்தின் ஓடுதளம் தெளிவாகத் தெரியும். ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியைக் கைபேசியில் வைத்துக்கொண்டால் இறங்க வரும் விமானத்தின் வகையையும் புறப்பட்ட ஊரையும் பார்த்துப் பழகலாம். படைவிமானங்கள் அதில் பெரும்பாலும் தெரியாது. அவற்றுக்கு மேலே சொன்ன இடங்களுக்குத்தான் போக வேண்டும்.